மனச்சோர்வு மாத்திரையும் கவுன்சிலிங்கும்: ஒரு வருஷத்துக்கு மேலான அனுபவம்

மாத்திரையைத் தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் சில வாரங்களை எப்படியாவது தாண்டிவிடுங்கள். மருந்து கேட்கவில்லை என்று நிறுத்தத் தோன்றுவது அப்போதுதான்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை எனக்கு. விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடும், சோறு இறங்காது, எதிரே வேலை குவிந்து கிடந்தாலும் கை எழாது. வீட்டில் கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்கள்; அந்த அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். "ஏற்காடு போயிட்டு வா, சரியாயிடும்" என்றார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய் ஏரிக்கரையில் உட்கார்ந்தேன். அங்கேயும் அதே பாரம்தான்.

ஒரு ராத்திரி 14416-க்குப் போன் போட்டேன். டெலி மனஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல ஆலோசனை சேவை அது. காசு இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "செத்துப்போயிடலாம்னு தோணுதாங்கண்ணா?" என்றார். அதுவரை யாரும் என்னை அப்படி நேராகக் கேட்டதில்லை. ஆமாம் என்று சொன்ன பிறகுதான் நெஞ்சு கொஞ்சம் இளகியது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, மனைவியை எழுப்பச் சொன்னார். காலையில் அவள்தான் என்னை அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள்.

தைராய்டு குறைந்தாலும் இப்படிச் சோர்வு வரும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை. பிறகு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. ஆரம்பத்தில் குமட்டல் படுத்தியது. முதலில் தூக்கம் திரும்பியது, அப்புறம் பசி, மனசு கடைசியாகத்தான். மாத்திரையால் தாம்பத்திய ஆசை குறைந்துபோனதை ஆண்கள் வெளியே சொல்லக் கூச்சப்படுவோம். தயங்காமல் சொல்லுங்கள், டாக்டர் அளவை மாற்றித் தருவார். சாக வேண்டும் என்ற எண்ணம் கூடினால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். நீங்களாக மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரலாம்.

கவுன்சிலிங்கில் பெரிய உபதேசம் எதுவும் இல்லை. ஏழு மணிக்குள் குளிப்பது, பட்டறையில் கால் மணி நேரமாவது உட்காருவது, அவ்வளவுதான் முதல் வாரத்து வேலை. எனக்கு மாத்திரை அளவுக்கு உதவியது இது. பட்டறை அண்ணனும் புரிந்துகொண்டார். "பேச வேண்டாம்டா, வந்து உட்காரு போதும்" என்று கொக்கி மாட்டும் வேலையை மட்டும் கொடுத்தார். அப்படி ஒரு ஆள் பக்கத்தில் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

நன்றான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்றார் டாக்டர், தொடர்ந்தேன். இப்போது அளவைப் பாதியாக்கியிருக்கிறார். குறைக்கும்போது தூக்கம்தான் முதலில் காட்டிக்கொடுக்குமாம். அதனால் நான் முழித்துக்கொள்ளும் நேரத்தை மனைவி தினமும் காலண்டரில் குறித்துவருகிறாள். அடுத்த தடவை போகும்போது அந்தத் தாள்களையும் காட்டப் போகிறோம்.