எழும்பூரா, சென்ட்ரலா? விமானத்தில் வந்து ரயில் ஏறுகிறவர்களுக்கு

சென்னையில் இறங்கி ஊருக்கு ரயில் பிடிப்பவர்கள் டிக்கெட்டில் முதலில் நிலையக் குறியீட்டைப் பாருங்கள். எம்.எஸ். என்றால் எழும்பூர், எம்.ஏ.எஸ். என்றால் சென்ட்ரல், டி.பி.எம். என்றால் தாம்பரம். மதுரை, நெல்லை, செங்கோட்டை, கன்னியாகுமரிப் பக்கம் போகும் வண்டிகள் பெரும்பாலும் எழும்பூரிலிருந்தும், கோவை, பெங்களூரு, டெல்லி வண்டிகள் சென்ட்ரலிலிருந்தும் கிளம்பும்.

இந்தப் பிரிவினை இரண்டு கம்பெனிகள் விட்டுப்போனது. 1873-இல் வந்த சென்ட்ரல், அகலப்பாதை போட்ட மெட்ராஸ் ரயில்வேயுடையது. எழும்பூர், தெற்கே மீட்டர்கேஜ், அதாவது அதைவிடக் குறுகிய தண்டவாளத்தில், வண்டி ஓட்டிய தென்னிந்திய ரயில்வேயுடையது. ஒன்றின் பெட்டி மற்றதன் தண்டவாளத்தில் ஓடாது. மீட்டர்கேஜ் போய்விட்டது, பிரிவினை அப்படியே நிற்கிறது. நல்லவேளை, மெட்ரோவில் இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு நிறுத்தத் தூரம்தான்.

கட்டடம் என்று பார்த்தால் என் ஓட்டு எழும்பூருக்கு. சென்ட்ரலின் கடிகாரக் கோபுரம் கம்பீரம்தான், ஆனால் அது ஐரோப்பியக் கம்பீரம். எழும்பூரை வரைந்தவர் மைசூர் அரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வின். கட்டியவர் பெங்களூரு ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை. சுமார் 17 லட்ச ரூபாயில் முடித்து 1908 ஜூனில் திறந்தார்கள். சிவப்பும் வெள்ளையுமான முகப்பு, வளைவுகள், நடுக்கூடத்தின் மேல் குவிமாடம் என்று இந்திய, ஐரோப்பிய பாணிகள் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணி முழுசாக இருக்கிறது. (வாசலில் ஓடும் காந்தி இர்வின் சாலையின் இர்வின் இவரல்ல, வைஸ்ராய்.) இலங்கைத் தமிழர்களுக்கு இங்கே இன்னொரு உறவும் உண்டு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் பிடிக்க முடிந்தது. 1964 புயல் தனுஷ்கோடியை அழித்தது. ராமேஸ்வரம் வண்டியை இன்றும் பலர் போட் மெயில் என்றே சொல்கிறார்கள்.

எழும்பூரில் 11 நடைமேடைகள். கடைசி இரண்டில் புறநகர் மின்சார ரயில் நிற்கும். மறுசீரமைப்பு வேலை நடப்பதால் வழிகள் அடிக்கடி மாறும், சில வண்டிகளைத் தாம்பரத்துக்கு மாற்றியும் விடுகிறார்கள். கிளம்புமுன் ரயில்வே செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப் செய்தியை நம்பிக் கிளம்பாதீர்கள்.

தட்கல் என்கிற கடைசி நேர முன்பதிவு மட்டும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களை நன்றாகச் சோதிக்கும். பயணத்துக்கு முந்தைய நாள் காலை ஏசி வகுப்புக்கு 10 மணிக்கும், மற்றதற்கு 11 மணிக்கும் திறக்கும். 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ரயில் டிக்கெட் தளமான ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கை ஆதாருடன் இணைத்திருக்க வேண்டும். ஆதார் இல்லாதவர்கள் அதை நம்பி இருக்காமல், 60 நாள் முன்பதிவுக் காலத்திலேயே முன்கூட்டி வாங்கிவிடுவது நல்லது.

தெற்கே போகிறவர்களுக்கு இன்னொன்று. எழும்பூரில் கிளம்பும் வண்டி விமான நிலையத்தைத் தாண்டித்தான் தாம்பரம் போகிறது. உங்கள் வண்டி தாம்பரத்தில் நிற்குமானால், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எழும்பூர் வரை போய்த் திரும்புவானேன்? விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் நிலையம். அங்கிருந்து மின்சார ரயிலில் சில நிறுத்தங்களில் தாம்பரம். அலுவலக நேரக் கூட்டத்தில் பெரிய பெட்டியோடு ஏறுவது நடக்காது, அப்போது டாக்சிதான். ஏறும் நிலையத்தை முன்கூட்டியே இணையத்தில் தாம்பரம் என்று மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் எழும்பூரில் ஆள் ஏறவில்லை என்று இருக்கை வேறொருவருக்குப் போகலாம். மாற்றியபின் எழும்பூரில் ஏறும் உரிமை கிடையாது.