பூட்டுப் போட்ட மின்னூல்களோடு ஏழரை வருஷம்

2017 ஜூனில் முதல் பூட்டுப் புத்தகத்தை வாங்கினேன். கணக்குப் போட்டால் ஏழரை வருஷம் ஆகிறது. ஏழரை என்றதும் சனி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. பாதிக் காலம் அப்படித்தான் போனது, அதற்கும் முக்கால்வாசிக் காரணம் நானேதான்.

அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பற்றிச் சொல்கிறேன். மதுரை விளாங்குடியில் வீட்டில் உட்கார்ந்து வரலாற்று நூல்களை ஆங்கிலத்தில் இருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் பிழைப்பு. எனக்குத் தேவைப்படும் ஆய்வு நூல்கள் அச்சில் நாலாயிரம், ஐயாயிரம் என்று சொல்வார்கள். அதே புத்தகம் மின்னூலாக ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும். புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன புத்தகக் கடைகளில் கேட்டால் 'கைடா மேடம்?' என்பார்கள். அதனால் வெளிநாட்டு மின்னூல் கடைகள்தான் கதி, அங்கே விற்பதில் பெரும்பாலானவை டி.ஆர்.எம். பூட்டோடு, அதாவது வாங்கியவர் கணக்கில் மட்டுமே திறக்கிற பூட்டோடு, வருபவை.

பணம் கட்டியதும் முதலில் கையில் வருவது ஏசிஎஸ்எம் என்று முடிகிற ஒரு குட்டி ஃபைல், சில கேபி இருக்கும். பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடையில் முன்கூட்டியே டோக்கன் கொடுப்பார்களே, அது மாதிரி. டோக்கனில் அரிசியும் இல்லை, கரும்பும் இல்லை. இந்த மென்பொருளில் அதைத் திறந்தால், அது சர்வரிடம் போய் டோக்கனைக் காட்டி, ஈபப் என்ற மின்னூல் வடிவத்திலோ பி.டி.எஃப்பாகவோ உண்மையான புத்தகத்தை வாங்கி வந்து உங்கள் பேரில் பூட்டிக் கொடுக்கும். ரேஷன் கார்டில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் விரல் வைக்க வேண்டும். இங்கே விரலுக்குப் பதில் அடோபி ஐடி, அதாவது மெயில் முகவரி கொடுத்து அடோபியில் தொடங்கும் கணக்கு.

நான் கோட்டை விட்டது அந்த ஐடியில்தான்.

அப்போது ஆய்வு மாணவி. கல்லூரி கொடுத்த மெயில் ஐடி கௌரவமாகத் தெரிந்தது, அதையே அடோபி ஐடியாகப் பதிந்துவிட்டேன். ஆய்வேடு முடிந்து வெளியே வந்த சில மாதங்களில் அந்த மெயிலை மூடிவிட்டார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை, ஏனென்றால் லேப்டாப்பில் புத்தகங்கள் வழக்கம்போலத் திறந்துகொண்டுதான் இருந்தன. ஒரு கம்ப்யூட்டருக்கு அந்த ஐடியில் ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் படிப்பதற்கு நெட்கூட வேண்டாம். 2019 கடைசியில் ஹார்ட் டிஸ்க் செத்தது. புத்தக ஃபைல்கள் பென்டிரைவில் பத்திரமாக இருந்தன. புது லேப்டாப்பில் போட்டுத் திறந்தால், இந்தப் புத்தகம் வேறொருவர் கணக்குக்கு உரியது என்கிறது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மாற்றலாம் என்றால் இணைப்பு அந்தச் செத்த மெயிலுக்குப் போகிறது. பதினோரு புத்தகம். என் காசு, என் பென்டிரைவ், நான் மட்டும் வேறு ஆள்.

புது ஐடி தொடங்கி, பழைய டோக்கன்களைக் கடையில் இருந்து மறுபடி இறக்கிப் பார்த்தேன். இதை ஏற்கெனவே இன்னொரு பயனர் வாங்கிவிட்டார் என்று திருப்பி அனுப்பியது. அந்த இன்னொரு பயனரும் நான்தானே! ஒரு டோக்கன் முதலில் எந்த ஐடியில் திறக்கப்படுகிறதோ அதோடு முடிச்சுப் போட்டுவிடும், அவிழ்ப்பது கடைக்காரர் கையில் இருக்கிறது. நான் வாங்கிய கடைக்கு மூன்று வாரம் மெயில் எழுதினேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் பதில் போடுவார், ஒவ்வொருவருக்கும் ஆதியில் இருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியில் ஏழு புத்தகங்களை அவிழ்த்துக் கொடுத்தார்கள். மீதி நாலும் விற்பனையில் இருந்தே எடுக்கப்பட்டுவிட்டதாம், கைவிரித்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் சொந்த மெயில், ஒரே ஐடி. பீரோவில் பாஸ்புக் இருக்கிற பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். ஐடி, எந்தக் கருவியில் எந்தத் தேதியில் அனுமதி கொடுத்தேன் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு ஐடிக்கு ஆறு கருவிகள் வரை என்பது கணக்கு. லேப்டாப்பை விற்கும் முன்போ ஃபார்மட் அடிக்கும் முன்போ கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தி அனுமதியை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறில் ஒன்று வீணாகிவிடலாம். முதல்முறை திறக்கும்போது 'ஐடி இல்லாமல் அனுமதி' என்று ஒரு கட்டம் கண்ணில் படும். ஆசை காட்டும், டிக் அடிக்காதீர்கள். அப்படித் திறந்த புத்தகம் அந்த ஒரு கம்ப்யூட்டரோடு சரி.

இரண்டாவது பஞ்சாயத்து கரண்டால் வந்தது. வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப் உண்டு, பெரிய திரை என்பதால் பி.டி.எஃப் படிக்க அதுதான் வசதி. ஒருநாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வந்தது. புதிதாக வாங்கிய டோக்கனைத் திறந்தேன். 'ரெக்வெஸ்ட் எக்ஸ்பயர்ட்' என்று முடிகிற நீளமான பிழைச் செய்தி வந்தது. வாங்கி பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன காலாவதி? மறுபடி இறக்கினேன், மென்பொருளை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன், ரௌட்டரை அணைத்து எழுப்பினேன். வாசல் விளக்கைப் போட எழுந்தபோதுதான் திரையின் மூலையைப் பார்த்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது, அங்கே காலை பத்தே முக்கால்.

மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி பலவீனமாகி, கரண்ட் இல்லாத எட்டு மணி நேரமும் கடிகாரம் தூங்கியிருக்கிறது. நம் கம்ப்யூட்டர் சர்வருக்கு அனுப்பும் வேண்டுகோளில் நேரமும் பதிவாகிறது. அது சர்வரின் நேரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் காலாவதி என்று தள்ளிவிடும். மறுநாள் மேலமாசி வீதியில் ஒரு வாட்ச் கடையில் சிஆர் 2032 கேட்டேன். "எந்த வாட்ச்சுக்குக்கா?" என்றார். கம்ப்யூட்டருக்கு என்றதும் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். ஒரு டீ, வடைக் காசில் முடிந்தது.

படிக்கிற அனுபவத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே ஒரு பாராட்டுதான். ஈபப் என்றால் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடிந்துகொள்ளும். பி.டி.எஃப் என்றால் பெரிதாக்கிவிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும், ஒரு அத்தியாயத்தில் கழுத்து வலிக்கும். எவ்வளவு காப்பி எடுக்கலாம், எத்தனை பக்கம் அச்சிடலாம் என்பதைப் பதிப்பாளர் முன்பே நிர்ணயித்திருப்பார், புத்தக விவரத்தில் பார்த்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பவளுக்கு இது எரிச்சல்தான். கலைச்சொற்களை எடுத்து வைக்கக்கூடச் சில புத்தகங்கள் விடுவதில்லை, நோட்டில் கையால் எழுதுகிறேன். கோடு போட்டதும் குறிப்பு எழுதியதும் புத்தகத்துக்குள் சேராமல் தனி ஃபைலாக நிற்கும். கம்ப்யூட்டர் மாற்றும்போது 'மை டிஜிட்டல் எடிஷன்ஸ்' ஃபோல்டரை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போங்கள். குறிப்புகள் அதற்குள் 'அனோட்டேஷன்ஸ்' என்ற பெட்டியில் கிடக்கின்றன.

லினக்ஸுக்கு இது கிடையாது. கிண்டில் புத்தகத்தை இது திறக்காது, அது வேறு பூட்டு, வேறு சாவி. கூகுள் பிளே புக்ஸில் வாங்கிய பூட்டுப் புத்தகத்தை ஏசிஎஸ்எம் ஆக இறக்கி இதில் படிக்கலாம். சிங்கப்பூரில் இருந்து தம்பி வாங்கி வந்த கோபோ என்ற மின்னூல் வாசிப்புக் கருவியைக் கேபிளில் செருகினால் புத்தகங்களை அதற்கு இழுத்துப் போட முடிகிறது. மொட்டைமாடியில் காற்று வாங்கிக்கொண்டு படிக்க அதுதான் சுகம்.

2014 அக்டோபரில் இதன் நாலாம் பதிப்பைச் சுற்றி ஒரு பெரிய சர்ச்சை எழுந்தது. யார் எந்தப் பக்கம் வரை படித்தார் என்ற விவரங்கள் எந்த மறைப்பும் இல்லாமல் நிறுவனத்தின் சர்வருக்குப் போவது வெளியே தெரிந்தது. அந்த மாதமே திருத்திய பதிப்பு வந்தது, அனுப்பும் விவரம் மறையாக்கப்பட்டது. நான் சேர்ந்தது அதற்குப் பிறகு என்றாலும், பழைய பதிப்பைத் தேடிப் பிடித்துப் போடச் சொல்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

பூட்டை உடைக்க வழி இருக்கிறதாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2012 திருத்தத்தில் நம் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 65ஏ என்ற பிரிவு வந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. என் பிழைப்பே எழுத்தாளர்களின் உரிமையை மதித்து நடப்பதில் இருக்கிறது, அந்தப் பக்கம் நான் போவதில்லை.

காசு கொடுக்காமல் இரவல் வாங்கவும் இதே மென்பொருள் உதவியது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் அப்போது 14 நாள் இரவல் எடுத்தால் புத்தகம் இதில் வந்து இறங்கும். கெடு முடிந்ததும் திறக்காது, அபராதமும் இல்லை. முன்னதாக முடித்துவிட்டால் இதிலிருந்தே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கில் 2023இலும் மேல்முறையீட்டில் 2024 செப்டம்பரிலும் ஆர்க்கைவ் தோற்றது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் இரவலில் இருந்து போய்விட்டன. நான் பாதி படித்து வைத்திருந்த இரண்டும் அதில் அடக்கம்.

பூட்டே இல்லாத கோப்புகளையும் இது ஒழுங்காகத் திறக்கும். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பி.டி.எஃப்கள் என் அலமாரியில் இந்த ஆங்கில நூல்களுக்கு நடுவே நிற்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கியது, முன்னெடுத்த கு. கல்யாணசுந்தரம் இருந்தது சுவிட்சர்லாந்தில். பேரில்தான் மதுரை, ஆனால் யார் கேட்டாலும் பென்டிரைவில் போட்டுக் கொடுக்க முடிகிறது.

பூட்டுப் புத்தகத்தில் அது நடக்காது. போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்தாள், எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். பாண்டியர் காலக் கடல் வணிகம் பற்றி நான் வைத்திருந்த ஒரு நூல் அவளுக்கு வேண்டும். இதை அனுப்பினால் உன்னிடம் திறக்காது, என் ஐடியைப் போட்டால்தான் திறக்கும், ஆறில் ஏற்கெனவே நாலு போய்விட்டது என்று நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப லேப்டாப்பையே குடுங்கக்கா, ஞாயித்துக்கிழமை தந்துர்றேன்."

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மஞ்சப்பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். புத்தகத்தில் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அவள் போட்ட மஞ்சள் கோடு. சார்ஜரைத்தான் மறந்துவிட்டு வந்திருக்கிறாள்.