ஹிமாலயனில் ஸ்லிப்-ஆன் சைலன்சர்: கிழக்கு வீதிகளில் சில வருட அனுபவம்

சைலன்சர் மாற்றினால் பவர் கூடுமா என்பதுதான் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. என் ரோயல் என்பீல்ட் ஹிமாலயன் 411இல் ஸ்லிப்-ஆன் போட்டது 2021இல். அன்றிலிருந்து இன்றுவரை வண்டியில் இருப்பது அதுதான். ஆனால் பவர் கூடியதா என்றால், நான் ஓட்டுகிற வேகத்தில் இல்லை. கூடியிருந்தாலும் அதை வைத்து இலங்கையில் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி.

ஹிமாலயன் 411 ஒற்றை சிலிண்டர் வண்டி. ஏறத்தாழ 24 குதிரைவலு, அதுவும் 6,500 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 6,500 தடவை சுற்றும்போது. அதன் உண்மையான பலம் கீழே இருக்கிறது: 32 நியூட்டன் மீற்றர் டோர்க், அதாவது இழுவை, 4,000க்கும் 4,500க்கும் இடையிலேயே வந்துவிடும். நம் நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு அதிவேக வீதியில் இடமில்லை. மட்டக்களப்பிலிருந்து எங்கே போனாலும் ஏ4, ஏ5, ஏ11, ஏ15 என்று சாதாரண வீதிதான். மாடு, ட்ராக்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நெல் காயப்போட்ட பாதி வீதி. நாள் முழுக்க 3,000க்கும் 4,500க்கும் நடுவில்தான் எஞ்சின் சுழலும். கம்பனியுடையதல்லாத வெளிச் சைலன்சர் தருகிற இலாபம் பெரும்பாலும் அதற்கு மேலே, த்ரொட்டிலை முழுதாகத் திருகினால் மட்டும் கிடைப்பது. அதனால் டூரிங் வண்டிக்கு சைலன்சர் வாங்குகிறவர் குதிரைவலுக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, நாலாவது மணித்தியாலத்தில் அது எப்படிக் கேட்கும் என்று யோசிப்பதே மேல்.

முதலில் ஸ்லிப்-ஆன் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினிலிருந்து வரும் பென்ட் பைப்பையும், அதோடு இருக்கும், புகையைச் சுத்தமாக்கும் கட்டலிற்றிக் கன்வேட்டரையும், ஒட்சிசன் சென்சரையும் தொடாமல், கடைசியில் உள்ள சைலன்சரை மட்டும் மாற்றுவது. ஒரு கிளாம்ப், இரண்டு போல்ட், ஒரு கேஸ்கெட். வீட்டு முற்றத்தில் வைத்தே செய்யலாம். முழு சிஸ்டம் என்பது பென்ட் பைப்பிலிருந்தே மாற்றுவது. அங்கேதான் சிக்கல் தொடங்கும். சீராக ஓடும்போது சென்சரைப் பார்த்து எஞ்சினின் கணினியான ஈசியூ பெற்றோலைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கும். த்ரொட்டிலைப் பெரிதாகத் திறந்தால் அது சென்சரைப் பார்ப்பதில்லை. கம்பனி எழுதிவைத்த மெப் என்ற பெற்றோல் அட்டவணையைப் பார்த்துத்தான் பெற்றோல் விடும். அந்த மெப் பழைய பைப்புக்கு எழுதியது. காற்றோட்டம் கூடி பெற்றோல் அதே அளவில் நின்றால் எஞ்சின் லீனாக ஓடும், சூடாகும். அப்புறம் அதைச் சரிசெய்ய, பெற்றோல் அளவை மாற்றும் இன்னொரு பெட்டி வாங்க வேண்டும். ஸ்லிப்-ஆனில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. எனக்கு டாஷ்போர்ட்டில் எச்சரிக்கை விளக்கு ஒருநாளும் எரியவில்லை. பெற்றோலும் முன்பு போலத்தான், லீற்றருக்கு 30 கிலோமீற்றர் பக்கம்.

நிறை குறைந்தது உண்மை. பழையதையும் புதியதையும் சந்தியில் உள்ள பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். கடைக்காரர் சிரித்தாலும் ஒழுங்காக நிறுத்துத் தந்தார். இரண்டரைக் கிலோ பக்கம் வித்தியாசம். ஆனால் இந்த வண்டி 190 கிலோவுக்கு மேலே. 15 லீற்றர் டாங்கை நிரப்பினாலே பெற்றோல் 11 கிலோ வரும். டாங்க் பாதியாகும்போது தெரியாத வித்தியாசம் இரண்டரைக் கிலோவில் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, சத்தத்துக்கு வருவோம். காசு கொடுத்தது அதற்காகத்தானே.

ஹிமாலயனின் ஒரிஜினல் சத்தம் தொண்டை அடைத்த மாதிரி இருக்கும். புதியது போட்டதும் ஐட்லிங்கிலேயே ஒரு ஆழம் வந்தது, அது பிடித்திருந்தது, இன்றும் பிடிக்கிறது. கூடவே சத்தத்தை அடக்க டிபி கில்லர் என்று ஒரு சின்னக் குழாய் வரும். சைலன்சரின் வாய்க்குள் செருகி ஒரு போல்ட்டால் பூட்டுவது. வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் நாளே அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவார்கள். இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டூரிங்குக்கு அந்தக் குழாய் இருக்க வேண்டும்.

அது இல்லாமல் ஓட்டியபோது நடந்தது இது. செங்கலடியில் திரும்பி ஏ5இல் கரடியனாறு, புல்லுமலை தாண்டி மகாஓயா பக்கம் போனால் வீதி நீளமாக, வெறிச்சென்று கிடக்கும். ஐந்தாம் கியரில் 4,000 ஆர்பிஎம்மை ஒட்டி ஒரே சீராகப் போகலாம். ஒற்றை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருதடவைதான் வெடிக்கும். 4,000இல் அது செக்கனுக்கு 33 வெடிப்பு. இந்தத் தாழ்ந்த சத்தம் காதில் கேட்பதை விட நெஞ்சுக்கூட்டில்தான் உட்காரும். முதல் அரை மணித்தியாலம் நன்றாக இருக்கும். பதியத்தலாவையில் தேநீருக்கு நிறுத்தும்போது தலைக்குள் ஒரு ரீங்காரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் இருந்த என் மனைவி மஹியங்கனை தாண்டி 18 வளைவு மலைப்பாதையில் ஏறும்போது தோளில் தட்டி, "கண்டிக்குப் போய் நான் பஸ்ஸில திரும்பி வாறன்" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை. குழாயைத் திரும்பப் பூட்டிய பிறகு அதே வீதியில் அந்த ரீங்காரம் கிட்டத்தட்ட இல்லாமல் போனது. த்ரொட்டிலைத் திறந்தால் ஆழமான சத்தம் அப்படியே இருக்கிறது. சீராக ஓடும்போது பேசாமல் இருக்கிறது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

இன்னொன்று: குழாயைக் கழற்றினால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை ஒரு சொட்டுக் குறைந்தது போலிருந்தது. 18 வளைவில் இரண்டாம் கியரில் ஏறும்போது தெரிந்தது. வாய் அகலமாகத் திறந்த சைலன்சர் மேலே கொடுப்பதைக் கீழே எடுத்துக்கொள்ளும். லக்கேஜோடு மலையேறுகிற வண்டிக்கு அது நட்டக் கணக்கு.

எந்தச் சைலன்சர் போட்டாலும் காதுக்கு இயர் பிளக் போடுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணித்தியாலம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதாரக் கணக்கு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். வேகமாகப் போனால் ஹெல்மெட்டுக்குள் அடிக்கும் காற்றே அந்த எல்லையைத் தாண்டிவிடும். சைலன்சர் அதற்கு மேலே ஏற்றும் பாரம்.

ஊருக்குள் கதை வேறு. கல்லடியிலிருந்து தெற்கே ஏ4இல் போனால் காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை, காரைதீவு என்று வீட்டோடு வீடு ஒட்டிக்கிடக்கும். இடையில் வெளி என்று சொல்ல அதிகம் இல்லை. கோயில், பள்ளிவாசல், ஆஸ்பத்திரி எல்லாம் வீதிக் கரையிலேயே. பொத்துவில் பக்கம் விடியுமுன் போய்ச்சேர வேண்டும் என்று மூன்று மணிக்கு வெளிக்கிட்டால் அத்தனை ஊரையும் எழுப்பிக்கொண்டு போவதாகத்தான் அர்த்தம். எங்கள் பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, நீங்க விடியச்சாமத்துல வெளிக்கிட்டா வாழைச்சேனை போய்ச் சேருற மட்டும் எங்களுக்குக் கேக்குது." நான் போனது வாழைச்சேனைக்கு எதிர்த்திசையில், ஆனாலும் அவர் சொன்னதில் பிழையில்லை. இப்போது ஒழுங்கை முடியும்வரை தள்ளிக்கொண்டு போய் வீதியில் வைத்துத்தான் ஸ்டார்ட் பண்ணுகிறேன்.

பொத்துவிலிலிருந்து லாகுகலை ஊடாக சியம்பலாண்டுவைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யானை வீதியில் நின்றால் சத்தம் போட்டு விரட்டலாம் என்று நினைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தூரத்திலேயே நிறுத்துங்கள், த்ரொட்டிலை முறுக்காதீர்கள், அது போகட்டும். லவுட் சைலன்சர் அங்கே பாதுகாப்பு என்று எனக்கு ஒருவர் விளக்கம் சொன்னார். அவர் யானையைப் பார்த்தது டிவியில் என்று நினைக்கிறேன்.

நீண்டகாலப் பாவனையில்தான் தெரியவரும் விஷயம் பஞ்சு. ஒரிஜினல் சைலன்சருக்குள் அறைஅறையாகத் தகடு வைத்துச் சத்தத்தை அடக்குவார்கள். அது துருப்பிடிக்கும்வரை வேலை செய்யும். வெளிச் சைலன்சரில் ஓட்டை போட்ட ஒரு நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, அதற்கு மேல் உறை. பஞ்சுதான் சத்தத்தைக் குடிக்கிறது. சூட்டில் அது கருகும், உடையும், கொஞ்சம் கொஞ்சமாக வாய் வழியாகவே பறந்துபோகும். எங்கள் சைலன்சரின் குரல் மெல்ல மெல்ல மாறியதை நாங்கள் கவனிக்கவில்லை. நாள்தோறும் கேட்கிறவனுக்குத் தெரியாது. ஏறாவூரில் சந்தித்த ஒரு நண்பன்தான் தகரச் சத்தம் வருகிறது என்றான்.

காத்தான்குடியில் வெல்டிங் வேலை செய்யும் நானா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சைலன்சரைக் கையில் எடுத்து ஒருதடவை குலுக்கினார். உள்ளே ஏதோ சலசலத்தது. "மனே, இதுக்குள்ள பஞ்சு முடிஞ்சு, வெறும் குழாய்தான் கிடக்கு," என்றார். ட்ரில்லை வைத்துப் பின் மூடியின் பொப் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் தலை பறக்க வெட்டினார். மூடி இலேசில் வரவில்லை, கரி பிடித்து இறுகியிருந்தது. மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டித்தான் கழற்றினார். உள்ளே இருந்தது கருகிய தும்பு போல் ஒரு கொத்து, அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். மீதி இடமெல்லாம் வெறுமை. தொட்டால் தூளாகியது, அந்தத் தூள் கையில் பட்டால் அரிக்கும், மூச்சுக்குள் போகக் கூடாது, அதனால் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டோம். ஓட்டைக் குழாயைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, முதலில் ஒரு சுற்று ஸ்டீல் வூல், அதற்கு மேல் புதிய பஞ்சை இறுக்கிச் சுற்றி மாஸ்கிங் டேப்பால் ஒட்டி உறைக்குள் தள்ளினார். டேப் முதல் ஓட்டத்திலேயே எரிந்து போய்விடும், பஞ்சு விரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ரிவெட் அடிக்கும்போது, "ஸ்டீல் ரிவெட்தான் போடுறன், அலுமினியம் போட்டா நீ மறுகா வருவாய்" என்றார். வீட்டுக்கு வந்து ஸ்டார்ட் பண்ணினால் வாங்கிய நாளின் சத்தம்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலிருந்துதான் வருகிறது. மூடி ரிவெட்டிலா, வெல்டிலா? வெல்ட் செய்து அடைத்ததாக இருந்தால் பஞ்சு முடிந்ததும் வெட்டித் திறக்க வேண்டும். அப்படிப்பட்டதை நான் தொடமாட்டேன்.

கடற்கரை ஊரில் அடுத்த எதிரி உப்பு. என்னுடையது 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உறை தப்பியது, வெல்ட் ஓரங்களில் மட்டும் தேத்தண்ணி நிறத்தில் கறை. ஆனால் கூடவந்த ப்ராக்கெட்டும் போல்ட்டும் சாதாரண இரும்பு, முதல் மாரியிலேயே துருவேறிவிட்டன. ஸ்டெயின்லெஸ் போல்ட்டாக மாற்றி, கொப்பர் கிறீஸ் தடவிப் போட்டேன். கிறீஸ் இல்லாமல் போட்டால் கழற்றும் நாளில் போல்ட் தலை கையோடு வந்துவிடும். கேஸ்கெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்: கழற்றிய ஒவ்வொரு முறையும் புதியது போடுங்கள். பழையதையே போட்டால் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக் என்று ஒரு கசிவுச் சத்தம் வரும். இறக்கத்தில் த்ரொட்டிலை விட்டால் பட் பட் என்று வெடிக்கும். சிலர் அதைக் கெத்து என்கிறார்கள். இணைப்பில் காற்று உள்ளே இழுபட்டு, எரியாத பெற்றோல் பைப்புக்குள் எரிகிறது, அவ்வளவுதான்.

லக்கேஜ் வலப்பக்கத்தில் கவனம். புதிய சைலன்சர் ஒரிஜினலை விடக் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது. துணிப் பையின் கீழ்ப் பட்டி உறையில் உரசி உருகி ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்த அடையாளம் இன்னும் கிடக்கிறது. இப்போது பைக்கும் சைலன்சருக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தகடு.

வருடாந்தப் புகைப் பரிசோதனையில் இதுவரை தடையில்லை. கன்வேட்டர் இருந்த இடத்திலேயே இருப்பதால்தான். முழு சிஸ்டம் போட்டு அதைத் தூக்கியவர்கள் வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் வாரத்தில் பழைய பைப்பைத் தேடி ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பொலிசாரைப் பொறுத்தவரை, 2025 தொடக்கத்தில் மாற்றியமைத்த சைலன்சர், ஹோர்ன், விளக்கு என்று நிறுத்திப் பார்த்தார்கள். என்னையும் நிறுத்தினார்கள். ஒரு பொலிஸ்காரர் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார், குனிந்து வாயைப் பார்த்தார், டிபி கில்லர் போல்ட்டைக் காட்டினேன், போகச் சொன்னார். அடுத்த சந்தியில் நிற்பவர் அப்படிச் சொல்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விலை? 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறிய பிறகு இந்தக் கணக்கே மாறிவிட்டது. நான் அதற்கு முன்பு வாங்கியது, அப்போதே இரண்டு நல்ல டயர் விலை. மலிவாக, பேர்போன சைலன்சர் கம்பனியான அக்ரபோவிச்சின் பெயரை லேசரில் பொறித்துக் கிடைப்பவை போலி. ஸ்லொவேனியாவில் செய்த சாமான் அந்த விலைக்கு வராது. போலியின் உறை மெல்லிய தகடு, உள்ளே பஞ்சு பேருக்குத்தான்.

டயரும் செயினும் நல்ல நிலையில், இயர் பிளக் பையில், அதற்குப் பிறகும் காசு மிஞ்சினால் ஸ்லிப்-ஆன் வாங்கலாம். ஒரிஜினலை மட்டும் விற்றுவிடாதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 வரை திறக்காத நாடு இது. பாகங்கள் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும். என்னுடையது உள்ளே எண்ணெய் தெளித்து, இரண்டு பக்கமும் துணி அடைத்து, உரப் பையில் சுற்றி அறைப் பரணில் கிடக்கிறது. வண்டியைக் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் எஞ்சினைப் பற்றிக் கேட்குமுன் ஒரிஜினல் சைலன்சர் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.