புதுக் காருக்கு எவ்வளவு கூடுதல் பொருத்தலாம்: இரண்டு ஆண்டு ஓட்டிய பிறகு

புதுக் கார் வாங்கப் போகிறவரிடம் ஷோரூமில் இரண்டு காகிதங்களை நீட்டுவார்கள். ஒன்று, எந்த வேரியன்ட்டில் என்னென்ன வசதி என்ற அட்டவணை. மற்றொன்று ஆக்சஸரீஸ் பட்டியல். இரண்டையும் ஒரே மூச்சில் பேசி முடிப்பதால் இரண்டும் ஒரே சங்கதி போலத் தோன்றும். முதல் காகிதத்தில் இருப்பவை தொழிற்சாலையிலேயே வண்டியோடு வருபவை. அன்று விட்டால் பிறகு கிடைக்காது. இரண்டாவதில் இருப்பவை ஷோரூமின் பின்பக்கக் கொட்டகையில் பொருத்தப்படுபவை. அவற்றை அடுத்த மாதமும் வாங்கலாம், அடுத்த தெருவிலும் வாங்கலாம். 2024 தொடக்கத்தில் சென்னையில் ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் வாங்கியபோது இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் முடிவெடுத்தேன். முதல் காகிதத்தில் கொஞ்சம் தாராளம், இரண்டாவதில் நல்ல கருமித்தனம். எது உழைக்கிறது, எது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று இப்போது சொல்ல முடியும். வண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு மைலேஜுக்குத் திரும்பிவிடும்.

எந்த வேரியன்ட் என்பதில் முதலில் குறுக்கே வந்தது வரி. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் கார்களுக்கான வாழ்நாள் வரி உயர்ந்தது. விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 10 லட்சம் என்ற கோட்டில் ஒரேயடியாக ஐந்து சதவீதம் ஏறுகிறது. அதுவும் கோட்டைத் தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,30,000 ரூபாய் வண்டிக்கு 1,85,400. விலையில் 40 ஆயிரம்தான் கூடுதல் என்று விற்பனையாளர் சொல்லும்போது வரியில் இன்னும் 56,700 சேருகிறது. போதாக்குறைக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீத வருமான வரியை ஷோரூமிலேயே பிடித்துக்கொள்வார்கள். கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றாலும், அன்றைக்குக் கையிலிருந்து போவது போவதுதான். ஆகவே உச்ச வேரியன்ட்டுக்கும் அதற்கு ஒரு படி கீழானதற்கும் உள்ள வித்தியாசத்தை வரியும் காப்பீடும் சேராத எக்ஸ் ஷோரூம் விலையில் பார்க்கவே கூடாது. எல்லாம் சேர்ந்த ஆன் ரோடு விலையில் பார்க்க வேண்டும். எனக்கு அந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒரு லட்சம். அதற்குக் கிடைக்கவிருந்தவை சன்ரூஃப், பளபளப்பான அலாய் வீல், நாலைந்து குரோம் பட்டைகள்.

சன்ரூஃப் வேண்டும் என்று வீட்டில் பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். சென்னையில் அதைத் திறந்து வைத்து ஓட்டும் பருவம் எது என்று கேட்டேன், மார்கழி என்றார்கள். மற்ற மாதங்களில் வெயில், மழை, அல்லது முன்னால் போகும் லாரியின் புழுதி. என் சித்தப்பா மகனின் வண்டியில் சன்ரூஃப் உண்டு. அதன் நான்கு மூலைகளிலும் தண்ணீர் இறங்க மெல்லிய குழாய்கள் இருக்கின்றன என்பது, வேப்பமரத்தடியில் நிறுத்திய வண்டியில் சருகு அடைத்து உள்கூரைத் துணி நனைந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அலாய் வீலுக்கும் இதே கணக்குதான். பள்ளத்தில் இறங்கி இரும்பு ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்திவிடுவார்கள். அலாய் விரிசல் விட்டால் பெரும்பாலும் புதிதுதான் வாங்க வேண்டும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலைகளில் தினமும் ஓட்டுகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு படி கீழே இறங்கினேன் என்பதற்காக அடிமட்ட வேரியன்ட்டுக்குப் போய்விடவில்லை. அங்கே இரண்டு ஏர்பேக்தான். நான் எடுத்ததில் ஆறு. ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை மணி, ரிவர்ஸ் சென்சார் ஆகியவை 2019 ஜூலை முதல் சட்டப்படி கட்டாயம். முன்பயணி ஏர்பேக்கும் பின்னர் கட்டாயமாயிற்று. பக்கவாட்டு ஏர்பேக்குகள் அப்போது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தவை. ஹூண்டாய் 2023 அக்டோபரில் தன் எல்லாக் கார்களுக்கும் ஆறு என்று அறிவித்தது. 2024 மே மாதம் வந்த புதிய ஸ்விஃப்ட்டிலும் அடிமட்டத்திலிருந்தே ஆறு. மற்றப் பல வண்டிகளில் அப்போது வேரியன்ட் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இதைப் பிறகு எந்தக் கடையிலும் பொருத்த முடியாது என்பதால் பேரத்துக்கு இடமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், எனக்கு வண்டியைக் காட்டியவர் ஏர்பேக்கைக் கடைசியில் சொன்னார். சட்டப்படி இருந்தே ஆக வேண்டிய ரிவர்ஸ் சென்சாரைத்தான் பெரிய சலுகை போல முதலில் படித்துக் காட்டினார்.

நான் அதிகம் மெச்சிக்கொள்வது யாரும் விளம்பரத்தில் காட்டாத ஒன்றை: பின்கண்ணாடி வைப்பரும் டீஃபாகரும். ஹேட்ச்பேக்கின் பின்பக்கம் செங்குத்தாக வெட்டுப்பட்டதுபோல முடிவதால் ஓடும்போது அங்கே காற்று சுழல்கிறது. டயர் எறியும் சேற்றுத் தண்ணீரை அந்தச் சுழல் மேலே தூக்கிப் பின்கண்ணாடியில் அப்பிவிடும். டிக்கி நீண்டிருக்கும் செடான் கார்களில் இந்தத் தொல்லை குறைவு. ஐப்பசி மழையில் ஜிஎஸ்டி சாலையில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போவதற்குள் கண்ணாடி காப்பிக் கலரில் ஆகிவிடும். ஒரு முறை நீர் பீய்ச்சித் துடைத்தால் பின்னால் வரும் பஸ் தெரியும். டீஃபாகர் என்பது கண்ணாடியிலேயே அச்சடித்த மெல்லிய செம்பழுப்புக் கோடுகள். மின்சாரம் பாய்ந்தால் அவை சூடாகி உட்பக்கப் பனிமூட்டத்தைக் கரைக்கும். கொடைக்கானல் மலைப்பாதையில் ஐந்து பேர் மூச்சு விட்டுக்கொண்டு ஏறும்போது அந்தப் பொத்தானின் அருமை தெரியும். இவற்றைப் பின்னால் சேர்க்க நினைத்தால் கண்ணாடியையே மாற்ற வேண்டியிருக்கும், வயரிங்கும் இழுக்க வேண்டியிருக்கும்.

இருக்கையின் உயரத்தை மாற்றும் நெம்புகோலும் இந்த வகைதான். நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டுகிறோம். எங்களுக்குள் உயரத்தில் அரை அடிக்கு மேல் வித்தியாசம். பழைய வண்டியில் அவர் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். பின்சீட்டுக்கு ஏசி காற்று வரும் துவாரங்கள், என் அம்மாவின் தீர்ப்பில், இந்த வண்டியின் ஒரே நல்ல அம்சம்.

வேரியன்ட்டோடு ஒட்டிக்கொண்டு வந்து சும்மா கிடப்பவையும் உண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் அதில் ஒன்று. நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் பைக் வரும், நடுத்தடுப்பில் மாடு நிற்கும். கால் பிரேக் அருகில் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. வயர்லெஸ் சார்ஜர் சித்திரை வெயிலில் போனைச் சூடாக்கிவிட்டு, சூடாகிவிட்டது என்று தானே நின்றுகொள்ளும்.

இனி இரண்டாவது காகிதம். "சார், இது அடிப்படை கிட். டெலிவரி எடுக்கிற எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள்" என்றார் விற்பனையாளர். மேட், சீட் கவர், மட்ஃபிளாப், கதவுக்கு மேல் மழைத்தடுப்பு, கைப்பிடிக் குழிக்கு குரோம், பக்கவாட்டுப் பட்டை, வண்டியை மூடும் உறை, அடிப்பாகக் கோட்டிங், டெஃப்லான் கோட்டிங் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. தனித்தனி விலை கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. கேட்டு வாங்கிவிடுங்கள், மொத்தத் தொகையாக இருக்கும்வரை எதையும் கழிக்க முடியாது. இன்னொன்று, கிட்டின் தொகையைக் கடனோடு சேர்த்துவிட்டால் மாதத் தவணையில் சில நூறு ரூபாய்தான் ஏறும் என்பார்கள். ரப்பர் மேட்டுக்கு ஏழு வருடம் வட்டி கட்டுவது என்பது அதன் பொருள்.

அந்தக் கிட்டில் மேட்டையும் மட்ஃபிளாப்பையும் மட்டும் எடுத்தேன். மேட்டை வெளியில் பாதி விலைக்கே வாங்கலாம். ஆனால் ஓட்டுநர் காலடியில் தரையில் இரண்டு கொக்கிகள் இருக்கின்றன. நிறுவனத்தின் மேட் அவற்றில் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்கும். விளிம்பு உயர்த்திய தடித்த மேட்டுகள் பலவற்றில் அந்தத் துளை சரியான இடத்தில் இல்லை. மெல்ல முன்னே நகர்ந்து ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் மடங்கும் மேட் எவ்வளவு அழகாக இருந்தால் என்ன! மட்ஃபிளாப் சக்கரம் எறியும் கற்களிலிருந்து கதவுக்குக் கீழான பெயிண்ட்டைக் காக்கிறது. விலையும் அற்பம்.

அடிப்பாகக் கோட்டிங்கை மறுத்தேன். திருவான்மியூரில் இருக்கிறேன், கடற்காற்று, துரு எனக்கும் பயம்தான். ஆனால் இன்றைய கார்களின் உடற்கூட்டைத் தொழிற்சாலையில் முழுவதுமாகத் தொட்டியில் அமிழ்த்தி மின்முறையில் முதற்பூச்சு ஏற்றுகிறார்கள். இணைப்புகளில் சீலன்ட்டும் உண்டு. அதன்மேல் கொட்டகையில் தார் போன்ற ஒன்றை அவசரத்தில் தெளிக்கும்போது கதவு, கீழ்ச்சட்டம் ஆகியவற்றின் வடிகால் துளைகள் அடைபடலாம். தண்ணீர் உள்ளேயே தங்கினால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். அதற்குப் பதில் மழைக்காலம் முடிந்ததும் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்கிறேன். இதுவரை சேவை மையத்தில் தூக்கி வைத்துப் பார்த்ததில் துரு எதுவும் கண்ணில் படவில்லை.

சீட் கவர் விஷயத்தில் வீட்டில் கருத்து வேறுபாடு இருந்தது. "ஏங்க, துணி சீட் அழுக்காகிவிடும்" என்றார் மனைவி. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கையின் வெளிவிளிம்பில் ஏர்பேக் என்று பொறித்த சிறு துண்டு தைத்திருக்கும். விபத்தில் பை அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அதை முழுக்க மூடும் கவர் ஆறு ஏர்பேக்குக்குக் கொடுத்த பணத்தை வீணாக்கிவிடும். ஒரு கடைக்காரர் மட்டும் அந்தப் பக்கத்தைத் திறந்தே விட்டுத் தைத்த கவரை எடுத்துக் காட்டினார். மற்றவர்கள், "அதெல்லாம் வெடிக்கும்போது தானாகக் கிழிந்துவிடும் சார்" என்றார்கள். கடைசியில் எதுவும் வாங்கவில்லை. செயற்கைத் தோல் கவர் மே மாதம் வெயிலில் நின்ற வண்டியில் எப்படிச் சுடும் என்பதை நண்பரின் காரில் உட்கார்ந்து பார்த்ததும் மனைவியே வேண்டாம் என்றுவிட்டார். துணி சீட்டில் காப்பிக் கறை ஒன்று இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

முன்பக்கம் பொருத்தும் இரும்புக் கம்பிக்கு ஒரு வரி போதும்: 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு எதிரானது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. கூலிங் ஃபிலிமிலும் விளையாட வேண்டாம். முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது விதி. கடைக்காரர் காட்டும் கறுப்பு அந்தக் கணக்கில் சேராது.

மின்சாரம் தொடும் எதையும் கொட்டகையில் செய்யவிடவில்லை. வயரை வெட்டி ஒட்டினால் வாரன்ட்டி பேச்சு வரும்போது அந்த ஒட்டுத்தான் முதலில் கண்ணில் படும். ஹெட்லைட்டும் அப்படியே: 60/55 வாட் பல்புக்கென்று செய்த ஹோல்டரில் 100/90 போட்டால் ஹோல்டர் உருகும், ஹாலோஜன் கிண்ணத்தில் எல்இடி பல்பைச் செருகினால் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில்தான் விழும். நான் வெளியில் வாங்கியது, முன்கண்ணாடியில் இருந்து சாலையைப் பதிவு செய்யும் டேஷ்கேமரா மட்டும். பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன், ஏனென்றால் வெயிலில் நிற்கும் காரின் கண்ணாடியில் லித்தியம் பேட்டரி ஊதிவிடும் அபாயம் உண்டு. சிகரெட் லைட்டர் துளையிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. ஒரு வயரையும் தொடவில்லை.

பட்டியலில் கடைசியில் வந்தாலும் நான் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டவை காப்பீட்டின் கூடுதல் பிரிவுகள். ஷோரூமிலேயே காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியில் வாங்கிய விலைப்புள்ளியைக் காட்டியதும் அவர்களுடையதும் இறங்கி வந்தது. தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு இழப்பீட்டில் பாதியைக் கழித்துவிடுவார்கள். இன்றைக்கு பம்பர் முழுக்க பிளாஸ்டிக். ஓஎம்ஆர் சிக்னலில் பின்னாலிருந்து ஒரு ஆட்டோ முத்தமிட்டுவிட்டுப் போனபோது அந்தப் பிரிவு தன் சம்பளத்தை ஈட்டிக்கொண்டது.

எஞ்சின் பாதுகாப்புப் பிரிவு சென்னைக்காரர்களுக்கு அவசியம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர். முழங்கால் தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகும். காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரணப் பாலிசியில் இது உங்கள் செயலால் நேர்ந்த விளைவு என்று கழித்துக்கட்டுவார்கள். பிரிவை எடுத்தாயிற்று என்று தண்ணீரில் இறக்கிவிடவும் இல்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசை கட்டி நின்ற கார்களைப் பார்த்துவிட்டு, எங்கள் தெருக்காரர்களும் மேடான இடமாகப் பார்த்து வண்டிகளை நிறுத்தினோம். பிரீமியம் புதுப்பிக்கும்போது மற்றப் பிரிவுகளைப் பற்றிப் பேரம் பேசுகிறேன், இந்த இரண்டைத் தொடுவதில்லை.

நீட்டித்த வாரன்ட்டியை வாங்கும் நாளிலேயே எடுக்கத் தேவையில்லை. அடிப்படை வாரன்ட்டி முடிவதற்குள் எடுத்தால் போதும், ஆனால் தள்ளத் தள்ள விலை கூடும். தொடுதிரையும் பவர் ஸ்டியரிங்கின் மோட்டாரும் பழுதானால் வரும் பில்லைக் கேட்டறிந்த பிறகு முதல் சர்வீஸுக்கு முன்பே எடுத்துவிட்டேன். இப்போது யோசனையில் இருப்பது டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி மட்டும்தான். வால்வு மூடியின் இடத்தில் திருகிக்கொள்ளும் வகை கடைகளில் கிடைக்கிறது. அடுத்த முறை டயர் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.