வாட்டர்லூ மேசைக்களம்: பல ஆண்டுப் புழக்கத்துக்குப் பின் ஒரு மதிப்பீடு

வரலாற்றுப் போர்களைச் சிற்றுருவங்களைக் கொண்டு மேசைமேல் ஆடுபவர்களுக்கான களக்காட்சிப் பொருள்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த சில நாட்களிலேயே எழுதிவிடுகிறார்கள். புதிதாக ஒட்டிய புல் எதுவானாலும் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். சென்னையின் பல கோடைகளையும் மழைக்காலங்களையும் கடந்து, ஆட்டத்துக்கு ஆட்டம் பலரும் தொட்டுத் தூக்கி அடுக்கிய பிறகு எது நிலைத்தது, எது உதிர்ந்தது என்பதே வாங்குபவருக்குத் தேவையான செய்தி என்பதால், நெப்போலியன் இறுதியாகத் தோற்ற வாட்டர்லூ போருக்காக, 28 மில்லிமீட்டர் உருவங்களுக்கு ஏற்ப நான் அமைத்த களத்தை முன்வைத்து இதை எழுதுகிறேன்.

இந்தக் களத்தில் முதலில் செலவழிக்க வேண்டியது நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்குத்தான். 1815 ஜூன் 18 அன்று, நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டன் தம் காலாட்படையின் பெரும்பகுதியை மோன் சான் ழான் மேட்டின் பின்சரிவில் நிறுத்தியிருந்தார். பிரெஞ்சுப் பீரங்கிகளின் பார்வைக்கு அது எட்டவில்லை. மேசை தட்டையாக இருந்தால் அந்தப் போரின் பாதிக் காரணம் காணாமல் போய்விடும். இன்று நேரில் போய்ப் பார்த்தாலும் அந்த மேடு அப்படியே இல்லை, ஏனெனில் 1826இல் முடிந்த சிங்க மேடு என்ற நினைவுக் குன்றுக்கு அங்கிருந்தே மண்ணை வெட்டி எடுத்தார்கள். அதனால் வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830இல் போர்க்களத்திலேயே உள்ள லா ஹே சாந்த் பண்ணையில் தங்கி எட்டு மாதம் நிலத்தை அளந்து, 1838இல் மக்கள் பார்வைக்கு வைத்த மாபெரும் மாதிரிக்கு இத்துறையில் தனி மதிப்பு உண்டு. லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் உள்ள அந்த மாதிரியின் படங்களைப் பார்த்தே என் சரிவுகளை வகுத்தேன்.

மேட்டுக்கு எக்ஸ்பிஎஸ் எனப்படும் கெட்டியான பாலிஸ்டைரீன் நுரைப் பலகையைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தெர்மாகோல் விலை குறைவுதான். ஆனால் விளிம்பு மணிமணியாக உதிர்ந்து, ஓரிரு ஆண்டுகளில் மேடு மொட்டையாகிவிடும். எக்ஸ்பிஎஸ் பலகை கத்திக்கும் உப்புத்தாளுக்கும் நன்றாக இணங்கும். சூட்டுக் கம்பியால் அறுக்கும்போது எழும் புகை கெடுதலானது. சன்னல்களைத் திறந்து வைத்துத்தான் அறுக்க வேண்டும். சரிவை நீளமாக இழுத்து விடுவது முக்கியம், இல்லையென்றால் ஈய உருவங்கள் நிற்காமல் வழுக்கும். தெளிப்பு வண்ணத்திலுள்ள கரைப்பான் இந்தப் பலகையை அரித்துவிடும் என்பதால், முதலில் ஃபெவிகாலும் எமல்ஷனும் கலந்த பூச்சு ஒன்று கட்டாயம். அடியில் எம்டிஎஃப் எனப்படும் மெல்லிய மரநார்ப் பலகை வைப்பவர்கள் அதன் அடிப்பக்கத்துக்கும் அதே பூச்சைக் கொடுத்துவிட வேண்டும். மேல்பக்கத்தில் மட்டும் பூசினால் பசை காயும்போது சுருங்கிப் பலகையை வளைத்துவிடும்.

இத்தனை ஆண்டுப் புழக்கத்தில் என் முழு நம்பிக்கையைப் பெற்ற பொருள், வாசலில் போடும் தேங்காய் நார் மிதியடி. போரன்று அந்த வயல்களில் கோதுமை போன்ற ரை தானியப் பயிர் ஆளுயரத்துக்கு நின்றிருந்தது. மிதியடியின் நார், உருவங்களின் இடுப்புக்கு மேல் வருகிறது. பின்பக்கத்திலிருந்து கத்தியால் கீறித் துண்டாக்கினால் நார் சிதையாது. அடர்பழுப்பு மையை நீர்க்கக் கரைத்து வேர்ப்பகுதியில் இறங்கவிட்டு, காய்ந்தபின் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் நுனிகளை மட்டும் வெளிர்மஞ்சளால் தடவினால், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு நாரும் தனித்தனியாகத் தெரிகிறது. சிறு துண்டுகளாக வைத்திருந்தால், படை மிதித்துச் சென்ற இடத்தில் அவற்றை எடுத்துவிடலாம். இவ்வளவு கையாண்டும் என் வயல்களில் நார் உதிரவே இல்லை.

ஸ்டாடிக் கிராஸ் எனப்படும் நைலான் புல்லைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. கருவியின் கம்பியை ஈரப் பசையில் குத்திய ஆணியோடு இணைத்து மின்னேற்றம் தந்தால் இழைகள் நிமிர்ந்து நிற்கும். பார்க்க மிக அழகு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இழைகள் திரண்டு கட்டியாகின்றன, கை ஊன்றும் இடங்களில் படுத்தும் விடுகின்றன. 2 மில்லிமீட்டர் இழை மேய்ச்சல் நிலத்துக்குப் போதும். 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால் உருவங்களின் அடித்தட்டு சமமாக நிற்காது.

கட்டடங்களில் லா ஹே சாந்த்தான் எனக்கு நெருக்கமானது. உருவங்களின் அளவிலேயே முற்றத்தோடு கட்டினால் மேசையின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொள்ளும். ஆகவே உயரத்தை விட்டுக்கொடுக்காமல் நீள அகலத்தை மட்டும் குறைப்பதே சரியான வழி. மேஜர் பேரிங் தலைமையில் வெல்லிங்டன் படையின் ஜெர்மன் வீரர்கள் குண்டுகள் தீரும்வரை காத்த இடம் என்பதால், ஆட்களை உள்ளே நிறுத்தக் கூரை கழற்றும்படி இருக்க வேண்டும். களஞ்சியத்தின் மேற்குக் கதவை முந்தைய இரவு குளிருக்கு விறகாக எரித்துவிட்டார்கள். அந்த வாசலைத் திறப்பாகவே விட்டிருக்கிறேன், ஆட்டத்திலும் சண்டை அங்கேதான் கடுமையாகிறது. வெள்ளைச் சுவருக்கு நேரடியாக வெள்ளை பூசக் கூடாது. சாம்பல் கலந்த மண்நிறத்தில் தொடங்கிப் படிப்படியாக வெளிறச் செய்தால்தான் சுண்ணாம்புச் சுவராகத் தோன்றும்.

சேமிப்பைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூச்சிக்குப் பயந்து பெட்டியில் அந்துருண்டை போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும். எக்ஸ்பிஎஸ் பலகையும் பெரும்பாலான பிளாஸ்டிக் உருவங்களும் பாலிஸ்டைரீன்தான் என்பதால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை மட்டும் போட்டு, மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து காற்றாட விடுகிறேன்.