ரேட் பேச பஸ்ஸா, ரயிலா, பைக்கா?

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாகிவிட்டது என்றால் எங்களைப் போன்ற விதை, பூச்சிமருந்து விற்கும் கம்பெனி ரெப்களுக்குச் சாப்பாடும் வழியில்தான், வியாபாரமும் வழியில்தான். தஞ்சாவூரில் ஏறி மன்னார்குடியில் இறங்குவதற்குள் நாலு டீலர்களாவது கூப்பிட்டிருப்பார்கள். அதில் ஒன்று குறுவைக்கான பெரிய ஆர்டராக இருந்தால் எங்கிருந்து பேசுவது நல்லது? மூன்றிலும் பட்டுவிட்டுச் சொல்கிறேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் கை இரண்டும் சும்மா இருக்கும், குறித்துக்கொள்ளலாம். ஆனால் தனியார் பஸ் பாட்டிலும் ஏர் ஹாரனிலும் 'அறுபது' எது, 'எழுபது' எது? வடுவூர் பக்கம் போகும்போது ஒருவர் அறுபது பெட்டி கேட்க, நான் எழுபது அனுப்ப, பத்துப் பெட்டி திரும்பி வந்தது. வண்டி வாடகை என் தலையில். இப்போதெல்லாம் "ஆறு, சைபர்தானேண்ணே?" என்று கேட்டுவிடுகிறேன். இயர்போன் மாட்டினால் அவர் பேசுவது நமக்குக் கேட்கும், சரி. நம் பேச்சோடு பஸ் பாட்டும் அவருக்குப் போகுமே!

ரயில் அமைதி. கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை போகிற வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தால் ஆபீஸ் மாதிரிதான். அந்த அமைதிதான் ஆபத்தும். பாபநாசம் டீலருக்கு நான் கூடுதல் தள்ளுபடி சொன்னதை எதிர் சீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அவர் கும்பகோணத்துக் கடைக்காரர் ஒருவருக்கு மச்சானாம். மறுநாள் காலையிலேயே போன்: "என்ன தம்பி, பாபநாசத்துக்கு ஒரு ரேட்டு, எங்களுக்கு ஒரு ரேட்டா?" அந்தக் கடையைச் சமாதானப்படுத்த ஒரு சீசன் ஆயிற்று. டெல்டாவில் யார் யாருக்கு உறவு என்று யாருக்குத் தெரியும்?

பைக்குக்குத்தான் என் ஓட்டு. ஓட்டிக்கொண்டே பேசுவதற்கு அல்ல. கையில் போனோடு ஓட்டுவதை 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் புளூடூத் வைத்தாலும் புத்தி பேரத்தில் இருக்கும். ரோட்டில் காயப்போட்ட நெல் கண்ணில் படாது. பைக்கின் லாபம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். புளியமரத்தடியில் ஓரங்கட்டினால் ஒட்டுக்கேட்க ஆள் இல்லை, பெட்ரோல் டேங்க் மேல் நோட்டை விரித்துக்கொள்ளலாம். ஊரே திட்டும் நீடாமங்கலம் ரயில்வே கேட் எனக்கு எத்தனை ஆர்டரை முடித்துக் கொடுத்திருக்கிறது தெரியுமா?

சாதா காலா, வாட்ஸ்அப் காலா என்றால், ஓடும் வண்டியில் சாதா கால்தான். டவர் மாறி நெட் தடுமாறினால் வாட்ஸ்அப்பில் குரல் விட்டுவிட்டு வரும். நடுவில் வேறொருவர் சாதா காலில் கூப்பிட்டால் அதுவும் இடைஞ்சல். வாட்ஸ்அப் பேசி முடித்த பிறகு பயன்படும்: எண்ணிக்கை, விலை, அனுப்பும் தேதி மூன்றையும் தட்டி அனுப்பி, டீலரிடமிருந்து ஒரு 'ஓகே' வாங்கிக்கொள்வேன்.

பஸ்ஸிலேயே மாட்டிக்கொண்டால்? ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லலாம். ரேட் என்று ஆரம்பித்தால், "பஸ்ல இருக்கேண்ணே, அம்மாப்பேட்டையில இறங்கிக் கூப்பிடறேன்" என்றுவிடுவேன். முக்கால்வாசிப் பேர் காத்திருப்பார்கள். காத்திருக்காமல் அடுத்த கம்பெனி ரெப்பைக் கூப்பிடுகிற டீலர்களும் உண்டு. அவர்கள் நம்பர் வந்தால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவேன். டிக்கெட் காசு போனால் போகிறது, பின்னால் இன்னொரு பஸ் வராமலா இருக்கும்.