அடுக்கு பிராஞ்சுகள்: வெறும் கிட்டா, கிராஃபைட்டா?

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடைக்கு ஆர்டர் செயலி எழுதுகிறோம். கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டில், டேட்டாபேஸ், ஏபிஐ (செயலியின் பகுதிகள் பேசிக்கொள்ளும் வழி), திரை என மூன்று பிராஞ்சுகள் (தனித்தனி மாற்றக் கிளைகள்) ஒன்றன்மேல் ஒன்று. அடியில் ஒரு வரி மாறினால் மேலே எல்லாம் நகர வேண்டும்.

2022 அக்டோபரில் வந்த கிட் 2.38 இதற்கு வழி தந்தது. உச்சி பிராஞ்சில் நின்று ‘ரீபேஸ் --அப்டேட்-ரெஃப்ஸ்’ (ரீபேஸ் என்றால் மாற்றங்களைப் புது அடியின்மேல் மறுபடி அடுக்குவது) கொடுத்தால் நடுவில் உள்ளவையும் கூடவே நகரும். சரி, அப்புறம்? ஒவ்வொன்றையும் ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் உள்ள பழையதன்மேல் எழுதி அனுப்புவது) செய்வது நம் பொறுப்பு. அடி பிராஞ்சை ஸ்குவாஷ் மெர்ஜ் (அதன் கமிட்டுகளை, அதாவது பதிந்த மாற்றங்களை, ஒன்றாக்கி முதன்மை பிராஞ்சில் சேர்ப்பது) செய்தால்தான் உண்மையான தலைவலி: பழைய கமிட்டுகள் திரும்ப வந்து மோதும், ‘--ஆன்ட்டு’ போட்டு வெட்டிவிட வேண்டும்.

அடுக்கு பிராஞ்சுகளைக் கையாளவே உள்ள கருவி கிராஃபைட். அதில் ‘ஜிடி சப்மிட் --ஸ்டாக்’ என்ற கட்டளை ஒன்றே எல்லாப் புல் ரிக்வெஸ்ட்டையும் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) புதுப்பித்துவிடும். மூன்று அடுக்கு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். இரண்டு அடுக்குக்கு வெறும் கிட் போதும். ரெப்போ (கோட் இருக்கும் இடம்) கிட்லேப் தளத்தில் இருந்தால் கிராஃபைட் பேச்சே இல்லை, அது கிட்ஹப் தளத்தோடு மட்டும்தான் ஒத்துப்போகும்.